பந்தியில் யார் பக்கத்தில் உட்காருகிறோம்?

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி தங்கைகளே,



வாலிபர் ஆராதனை முடிந்து ஆலய வளாகத்தில் நீங்கள் கூடிநின்று பேசும்போது இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப என் காதில் விழுகின்றன. கிறிஸ்தவர்கள் அரசியல் பேசலாமா என்பது ஒன்று. இந்த நாட்டில் இனி நமக்குப் பாதுகாப்பு உண்டா என்பது இன்னொன்று. முதல் கேள்வியைக் கேட்கும் பிள்ளையிடம், அது உலகக் காரியம், நமக்கு வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது கேள்விக்கு, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்கிறோம். இந்தப் பதில்கள் உங்களுக்குப் போதவில்லை என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. எனக்கும் போதவில்லை. அதனால்தான் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டச் சபைகளில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து, ஒளிவு மறைவில்லாமல் இந்த மடலை எழுதுகிறேன்.

என் மனதில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டும் அரசியலைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் நம் சபைகளில் ஊறிப்போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு அனுமதி, ஆசிரியர் பணியிடத்துக்கு ஒப்புதல், ஆலயம் கட்ட ஆட்சியர் கையெழுத்து, கல்லறைத் தோட்டத்துக்கு நிலம். இவை கிடைத்தால் நல்ல ஆட்சி, கிடைக்காவிட்டால் கெட்ட ஆட்சி. தேர்தலுக்கு முந்தின டிசம்பரில் எந்தக் கட்சி கிறிஸ்துமஸ் விழா எடுத்து கேக் வெட்டியது, மேடையில் நம் பேராயருக்கு எந்த நாற்காலி போட்டார்கள் என்பதோடு நம் அரசியல் பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த தெருவில் அநியாயம் நடக்கும்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு, தனக்கு நடக்கும்போது மட்டும் கூக்குரல் இடுகிற சபையை ஊரார் எப்படி நம்புவார்கள்? ஆண்டவர்தான் எப்படி நம்புவார்?

நம் முன்னோர் கதை இப்படித் தொடங்கவில்லை. பாளையங்கோட்டையில் 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாள், ஊர் ஒதுக்கிய ஒரு பிராமண விதவை. அவர் முன்நின்று கட்டிய சிற்றாலயம் 1785-இல் பிரதிஷ்டையானது. ஊரார் இன்றைக்கும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். விசுவாசத்தினிமித்தம் அடிபட்டு, வீடிழந்தவர்களுக்காக 1799-இல் டேவிட் சுந்தரானந்தம் உண்டாக்கிய அடைக்கல ஊர் முதலூர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். எத்தனை பேர் முகம் சுளித்தும் அவர் இறங்கி வரவில்லை. பிறகு வந்தவர்கள் பார்வையில்லாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் இதே பாளையங்கோட்டையில் பள்ளி திறந்தார்கள். ஒதுக்கப்பட்டவர்களால், ஒதுக்கப்பட்டவர்களுக்காக உண்டான சபை இது.

குமரியின் தோள்சீலைக் கதையை நீங்கள் பாட்டிமாரிடம் கேட்டிருப்பீர்கள். அதில் நாம் சரியாகச் சொல்லாமல் விடுகிற ஒரு பகுதி உண்டு. மேலாடை அணியும் உரிமை முதலில் கிறிஸ்தவப் பெண்களுக்குத்தான் கிடைத்தது. மதம் மாறியவர்களுக்கு ஒரு சலுகை என்ற அளவில் அது நின்றிருக்கலாம். ஆனால் இந்து நாடார் பெண்களும் அதே உரிமையைக் கேட்டார்கள், அடிபட்டார்கள், சந்தையில் ஆடை கிழிக்கப்பட்டார்கள். 1859-இல் திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் வெளியிட்ட உத்தரவு அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. முழு நியாயம் கிடைக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. ஆனாலும் சலுகை உரிமையாக மாறியது, பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதற்குள் வந்தபோதுதான்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா நம் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கலுக்குப் போனார். அவர் படம் மாட்டாத சேகர அலுவலகம் நம் பக்கத்தில் அரிது. கிறிஸ்தவர்களுக்கென்று தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையை அவர் எதிர்த்தார் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. சேலத்துக்காரரான கே.டி. பாலும் 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது அதே நிலையைத்தான் எடுத்தார். ஏ.டி. பன்னீர்செல்வம் போன்றவர்கள் எதிர்ப்பக்கம் நின்று வாதாடினார்கள். அவர்களுடைய அச்சத்திலும் நியாயம் இருந்தது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அசரியாவின் கவலை வேறு. தனி வேலிக்குள் போய்விட்ட சபை தன் எண்ணிக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும், ஊருக்கு உப்பாக இருக்காது என்று அவர் அஞ்சினார். பின்னாளில் 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிடும் முடிவு வந்தபோது, வங்காளக் கிறிஸ்தவரான எச்.சி. முகர்ஜியும், சென்னையிலிருந்து போயிருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசோசாவும் அதை மனதார ஆதரித்தார்கள். சக குடிமக்களின் நல்லெண்ணத்தை நம்பி எடுத்த முடிவு அது. அந்த நம்பிக்கைக்கு நாட்டில் இன்று எத்தனை அடி விழுந்திருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு வருகிறேன். அதற்கு முன் நம் வீட்டுக்குள் ஒரு காரியம் இருக்கிறது.

சூசை என்ற தொழிலாளியின் வழக்கைப் பற்றி நம் சபைகளில் யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. சென்னையில் தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். தெருவோரத்தில் வெயிலிலும் மழையிலும் தொழில் செய்யும் பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசுத் திட்டம் ஒன்றில் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தார்கள். நீ கிறிஸ்தவன், உனக்குக் கிடையாது என்று இவருக்கு மறுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985-இல் தீர்ப்பு வந்தது, தள்ளுபடி. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, பழைய இடத்தில் பட்ட இழிவையும் தடையையும் புதிய மதத்துக்குள்ளும் அதே கடுமையோடு அனுபவிக்கிறார்கள் என்று காட்ட வேண்டும், அதற்கான சான்று போதவில்லை என்றது நீதிமன்றம்.

சான்று போதவில்லை! அந்தச் சான்று நம் கல்லறைத் தோட்டங்களின் நடுச்சுவரில் இருந்தது. தேர் எந்தத் தெருவுக்குள் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்பதில் இருந்தது. பட்டியல் சாதியினர் யார் என்று வகுத்த 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி இந்துக்களை மட்டும் சேர்த்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அவர்களைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானமே போட்டது. ஆகஸ்ட் 10-ஆம் தேதி, அந்த ஆணை வந்த நாளை, வருஷா வருஷம் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். நம் சேகரத்தில் அன்றைக்கு எத்தனை பேர் சட்டையில் கறுப்புத் துணி குத்தினார்கள்? பட்டியல் சாதியில் பிறக்காத நமக்கு அது பிறர் பிரச்சினையாகவே இருந்துவிட்டது. பள்ளி மானியம் நின்றால் ஊர்வலம் போகிறோம். சூசைக்குக் கடை இல்லை என்றபோது போகவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், மனதில் வையுங்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கு இந்த உரிமையைக் கொடுக்கக் கூடாது என்பவர்கள் வைக்கும் வாதம், கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பதுதான். நம்மில் பலரும் பிரசங்க மேடையில் அதையே சொல்கிறோம். மேடையை விட்டு இறங்கியதும் கல்யாண விளம்பரம் எழுதுகிறோம். இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஊழிய பாரமுள்ள மணமகள் தேவை என்று ஒரு வரி. அடுத்த வரியில் சாதியும் உட்பிரிவும். இந்த இரண்டு வரிகளும் ஒரே கையெழுத்தில் எப்படி வருகின்றன என்று நீங்கள் உங்கள் வீட்டில் கேட்க வேண்டும். உங்கள் தலைமுறை கேட்காவிட்டால் இனி கேட்க ஆளில்லை.

கத்தோலிக்கச் சகோதரர்களிடம் இருந்து இரண்டு காரியங்களைக் கற்றுக்கொள்ளலாம். வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கால் வைத்துக் கட்டிய கோயில் இருந்தது. பீடம் ஒன்று, நடுவில் சுவர். 1910-இல் அந்தச் சுவரை இடித்தார்கள். வழக்கும் வசையும் வந்தன, ஆனாலும் சுவர் திரும்ப எழவில்லை. நட்டாலத்தில் பிறந்து, ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தை 2022 மே 15 அன்று ரோமாபுரியில் புனிதராக அறிவித்தார்கள். அதற்கு முன்பே, அவர் பெயரோடு வழங்கி வந்த சாதிப் பட்டத்தை நீக்கிவிட்டார்கள். தாழ்த்தப்பட்டவர்களோடு உட்கார்ந்து உண்டதும் அவர் மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. அப்படிப்பட்டவர் பெயருக்குப் பின்னால் சாதியை வைத்திருப்பது அவருக்கே செய்யும் அவமரியாதை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டதால்தான் நடந்தது.

அந்தியோகியாவில் பேதுரு செய்ததைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறார். புறஜாதியாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமில் இருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள், பர்னபா உட்பட. பேதுரு உபதேசம் எதையும் மாற்றவில்லை. சாப்பாட்டு இடத்தை மாற்றினார், அவ்வளவுதான். பவுல் அதைச் சின்ன விஷயம் என்று விடவில்லை. எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். சுவிசேஷத்தின் சத்தியமே அந்தப் பந்தியில் இருக்கிறது என்று அவர் கண்டார்.

நம் ஊர் அசனத்தை நினைத்துப் பாருங்கள். முந்தின இரவே ஆலயத்துக்குப் பின்னால் கோட்டை அடுப்பு வெட்டிவிடுவார்கள். விடியும்போது அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, பாயின் மேல் விரித்த வெள்ளை வேட்டியில் மலையாகக் கொட்டுவார்கள். ஆவி அடங்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் ஆட்டுக்கறி வெட்டுவார்கள், ஒரு பக்கம் பெண்கள் ஐக்கியத்தார் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். இந்துக் குடும்பங்களும் நேர்ந்துகொண்டு அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஐயர் ஜெபித்ததும் பந்தி தொடங்கும். ஊரே சாப்பிடும். கிறிஸ்தவத்தைப் பற்றி நாம் சொல்கிற எல்லா வார்த்தைகளையும்விட அந்தப் பந்திதான் ஊருக்கு அதிகம் சொல்கிறது.

ஒரு சபையில் பல வருஷங்களாக ஒரு வழக்கம் இருந்தது. காலனியில் இருந்து வருகிறவர்கள் கேட் பக்கமாக நின்று தூக்குவாளியில் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. உட்காருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. ஒரு வருஷம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கேட்டுக்குப் போய்த் தூக்குவாளிகளை வாங்கிச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, “சித்தி, உள்ள வாங்க. உக்காந்து சாப்பிட்டுட்டு, அப்புறம் வீட்டுக்கும் கொண்டு போங்க” என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். இலை போட்டு, தாங்களும் இடையிடையே உட்கார்ந்துகொண்டார்கள். எதிர்வரிசையில் இருந்த இரண்டு பெரியவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். மறுவாரக் கமிட்டியில் ஐயரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். இப்போது அந்தச் சபையில் தூக்குவாளி வரிசை இல்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியும் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. அவர்கள் செய்ததைவிடத் தெளிவான அரசியலை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு தலித் பையனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தன்னைச் சாதி சொல்லித் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் முறையிட்டதுதான் அவன் செய்த குற்றம். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருந்தன. நம் மிஷன் பள்ளிகளின் நடைபாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள், கயிற்றின் நிறத்தை வைத்து யார் எந்தத் தெரு என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். காலை ஜெபத்தில் கண்ணை மூடிக் கூப்பிய கையிலும் அந்தக் கயிறு இருக்கிறது. பட்டதாரி ஆசிரியர்களாகவும் கல்லூரி மாணவர்களாகவும் இருக்கிற உங்களில் சிலர் அந்தப் பிள்ளைகளுக்கு அண்ணன், அக்கா. உங்கள் சொல்லைக் கேட்பார்கள். என் சொல்லைவிட நிச்சயம் கேட்பார்கள்.

மணிப்பூரில் 2023 மே மாதம் கலவரம் மூண்டு தேவாலயங்கள் எரிந்தபோது நாம் கண்ணீரோடு ஜெபித்தோம், கண்டனக் கூட்டம் போட்டோம். போட வேண்டியதுதான். அதற்குச் சில மாதம் முன்பு, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்திருந்தது தெரியவந்தது. அந்த வார ஆராதனையின் மன்றாட்டு ஜெபத்தில் அந்த ஊர் பெயர் நம் சபைகள் எத்தனையில் சொல்லப்பட்டது? அவர்கள் கிறிஸ்தவர்களா இல்லையா என்று பார்த்தா நாம் ஜெபிக்கிறோம்? நல்ல சமாரியன் கதையில் வழியோரம் கிடந்தவன் எந்த மதம் என்று இயேசு கதையின் ஓட்டத்தில் சொல்லாமலே விட்டுவிட்டார்.

அடுத்து உங்கள் கைபேசி. அங்கேதான் உங்களில் பலருடைய வேதபாடம் இப்போது நடக்கிறது. யூடியூப் போதகர்கள், தீர்க்கதரிசிகள், ரீல்ஸ், குரூப்பில் வரும் ஃபார்வர்டுகள். முஸ்லிம்களைப் பற்றி அங்கே வருவதை வாசித்தால் நெஞ்சு பதறுகிறது. ஒரு காலத்தில் நம்மைப் பற்றிச் சொன்ன அதே பொய், மதம் மாற்றுகிறார்கள், வெளிநாட்டுப் பணம், நாட்டுக்கு விசுவாசமில்லை என்பது, பெயரை மட்டும் மாற்றி நம் பிள்ளைகள் கையாலேயே பரவுகிறது. காசா போர் தொடங்கியதும் இஸ்ரேல் கொடியை ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் நம் சபைகளில் உண்டு. வேதாகமத்து இஸ்ரவேலையும் இன்றைய ஓர் அரசாங்கத்தின் குண்டுவீச்சையும் ஒன்றென்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? 2023 அக்டோபரில் காசாவின் புனித பொர்பீரியு ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த கிறிஸ்தவர்கள் குண்டுவீச்சில் செத்தார்கள். நாம் தமிழில் ஜெபிக்கத் தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆண்டவரை ஆராதித்த சபை அது. 2025 ஜூலையில் அங்கிருந்த கத்தோலிக்கக் கோயிலும் தாக்கப்பட்டது. ஹமாஸ் கொன்ற யூதக் குழந்தைகளுக்காகவும் அழுங்கள், இடிபாட்டில் புதைந்த முஸ்லிம் குழந்தைகளுக்காகவும் அழுங்கள். கொடி வைக்காதீர்கள்.

ஸ்டான் சுவாமி திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்தவர். ஜார்க்கண்டில் பழங்குடி மக்களின் நிலத்துக்காகவும், விசாரணைக் கைதிகளாகவே சிறையில் வாடும் பழங்குடி இளைஞர்களுக்காகவும் பல பத்தாண்டுகள் பாடுபட்ட இயேசு சபைக் குரு. 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டுகளை அவர் கடைசி வரை மறுத்தார். நடுக்குவாத நோயால் தம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாமல், உறிஞ்சு குழல் வைத்த கோப்பை ஒன்று வேண்டும் என்று மனுப் போட்டுக் காத்திருந்தார். 2021 ஜூலை 5, ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்றே, 84 வயதில் காவலில் இருந்தபடி இறந்தார். வழக்கின் விசாரணை தொடங்கவேயில்லை. அவர் சிறைக்குப் போனது சபைச் சொத்துக்காகவோ சிறுபான்மைச் சலுகைக்காகவோ அல்ல. தனக்கு ஒட்டுமில்லாத உறவுமில்லாத மக்களுக்காக. நம் காலத்தில், நம் மொழி பேசிய ஒருவர். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் அவர் கதையைச் சொல்லிக்கொடுக்கிறேன். அரசியல் பேசுகிறீர்களே என்று ஒரு பெற்றோர் கேட்டார். தானியேல் கதையையும் சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பயப்பட வேண்டிய காரணம் இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் இருக்கின்றன. வீட்டில் கூடி ஜெபித்தவர்கள் மேலும் வழக்குப் பதிந்திருக்கிறார்கள். நம் மாநிலத்திலும் 2002 அக்டோபரில் அப்படி ஓர் அவசரச் சட்டம் வந்தது, 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. அதை எதிர்த்து வீதிக்கு வந்தவர்களில் கடவுள் மறுப்பாளர்கள் இருந்தார்கள், தலித் இயக்கத்தார் இருந்தார்கள், முஸ்லிம்கள் இருந்தார்கள். அதற்கும் முன்னால், 1948-இல், மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சட்டத்தில் வைக்கலாமா என்ற விவாதம் நடந்தபோது அதற்கு ஆதரவாக எழுந்து பேசியவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இன்று 25-ஆம் பிரிவில் நமக்கிருக்கும் உரிமை, நம்மைச் சேராத பலர் நமக்காகப் பேசியதால் கிடைத்தது. அவர்களுக்கு ஒன்று நடக்கும்போது நாம் எங்கே இருந்தோம் என்று அவர்கள் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அந்த உரிமையைக் கண்ணியமாகப் பயன்படுத்துங்கள் என்றும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் கும்பிடும் சாமியைப் பேய் என்று மைக் வைத்துப் பேசுவது சாட்சி அல்ல, வம்பு. நோயாளியிடம் போய் மாத்திரையை நிறுத்து, விசுவாசித்தால் போதும் என்பது பாவம். இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் சொல்லுங்கள். கேட்கிறவர் வேண்டாம் என்றால் அவர் வீட்டில் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டு நண்பராகவே திரும்பி வாருங்கள்.

சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய மடல் 29-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிடித்துக்கொண்டு போன பட்டணம், எதிரியின் பட்டணம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் நன்மையைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்று எழுதினார். எதிரியின் ஊருக்கே அப்படி என்றால், இது நாம் பிறந்த மண். நம் பாட்டன் பூட்டன் புதைந்த மண். இங்கே நாம் விருந்தாளிகளும் இல்லை, குத்தகைக்காரர்களும் இல்லை. பயந்து ஒதுங்கி, யார் நம்மைக் காப்பாற்றுவார் என்று கட்சி கட்சியாகப் பார்த்துக்கொண்டிருப்பது இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அழகல்ல.

நம் சபைத் தேர்தல்களையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன், நீளமாகச் சொல்ல எனக்கே தாங்காது. அணி, சுவரொட்டி, வேன், சாதிக் கணக்கு, இரவோடு இரவாகக் கைமாறும் பணம். அடுத்தவருடைய சங்கக் காணிக்கை நிலுவையைக் கட்டி ஓட்டை வாங்குவது. பிறகு வழக்கு. திருமண்டல நிர்வாகத்தைப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் அனுப்ப வேண்டிய நிலை. ஊழலைப் பற்றி ஆட்சியாளர்களுக்கு நாம் எழுதும் கடிதத்தை இதற்குப் பிறகு யார் மதிப்பார்கள்? சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுக்குப் பணம் வாங்காதே என்று பிள்ளைக்குச் சொல்கிற அப்பா, சபைத் தேர்தலில் கவர் கொடுக்கப் போகிறார். உங்களுக்கு 18 வயது முடிந்திருக்கிறது, காணிக்கையும் கட்டியிருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் ஓட்டு உண்டு. நில்லுங்கள். தோற்றாலும் நில்லுங்கள். வரவு செலவுக் கணக்கைச் சபைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதிகப்பிரசங்கி என்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று இந்த மடலில் நான் எழுத மாட்டேன், எந்தப் பேராயரும் எழுதக் கூடாது என்பது என் எண்ணம். ஓட்டுப் போடும் முன் ஒன்றை மட்டும் யோசியுங்கள். இந்த வேட்பாளரால் என் சபைக்கு என்ன கிடைக்கும் என்று வீட்டில் பேசும்போது, காலனிக்குத் தண்ணீர் வருமா, கடற்கரைக் குப்பத்துக்குச் சுவர் வருமா, பீடி சுற்றுகிற அக்காவுக்குக் கூலி உயருமா, பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்கு நிம்மதி இருக்குமா என்றும் அதே மூச்சில் பேசுங்கள்.

வருகிற மாதச் சபைக் கூட்டத்துக்கு இரண்டு தீர்மானங்கள் எழுதி வைத்திருக்கிறேன். நம் சேகரக் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர் எந்தத் தெருவாக இருந்தாலும் வரிசைப்படி அடுத்த குழி என்பது ஒன்று. ஆகஸ்ட் 10 அன்று ஆராதனையில் தலித் கிறிஸ்தவர்களின் உரிமைக்காக மன்றாடி, ஆட்சியர் அலுவலகத்துக்குச் சபையாக நடந்து போவது மற்றொன்று. நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஆள் வேண்டும். உங்களில் யாராவது ஒருவர் எழுந்து நின்றால் போதும். அதே போன்ற தீர்மானங்களை உங்கள் உங்கள் சபைகளிலும் கொண்டுவாருங்கள். நகல் வேண்டுமென்றால் எழுதி அனுப்புகிறேன்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி அக்கா